தோத்தா பரோட்டா, டிரான்னா டீ

அந்த ஸ்டூல் வேண்டாம் சார், ஒரு கால் ஆடும். இந்த டயர் மேல உக்காருங்க. லாரி டயர்தான், தாங்கும். பேண்ட்ல கறுப்பு ஒட்டுமோன்னு பாக்குறீங்களா? இருங்க, பேப்பர் போடுறேன். ஆங், இப்ப உக்காருங்க.

நீங்க யாருன்னு கேக்க மாட்டேன். பையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. தோல்மண்டி லெவன்ஸுக்குப் புதுசா வந்திருக்கிற கோச்சு. அந்தப் பை எங்க பழைய கோச்சு தனிஸ்லாஸ் மாஸ்டரோட பை. ஜிப்பு போனப்ப டியூப்பை நறுக்கி நான்தான் கட்டிக் குடுத்தேன், இந்தா இருக்கு பாருங்க. பந்துக்கெல்லாம் காத்தடிக்கணும், அவ்வளவுதானே? குடுங்க. கம்ப்ரசர்ல காத்து ஏறக் கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டிருப்போம். நான் ரொம்பப் பேசுற ஆளு இல்ல.

என் பேரு பவுன்ராஜ். கிளப்புல கேட்டா பங்ச்சர் பவுனுன்னு சொல்லுவாங்க. இந்தக் கடைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு சுவரு இருந்துச்சு. ஒரு ஐப்பசி மழையில பாதி விழுந்துபோச்சு. அப்புறம் யாரும் கட்டல, நானும் கட்டச் சொல்லல. இப்ப நீங்க உக்காந்திருக்கிற இடத்துல இருந்தே ரெண்டு கோல் போஸ்ட்டும் தெரியுதா? தெரியுதுல்ல. இருபது வருசத்துக்கு மேல நான் இப்பிடித்தான் சார் வேலை பாக்குறேன். கை டியூப்புல, கண்ணு கிரவுண்டுல. ஒரு தடவை சைக்கிள் வீலைத் திருப்பி மாட்டி அனுப்பிட்டேன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு. அன்னைக்கு கால் இறுதி ஆரம்பிக்கிற நேரம், நான் என்ன பண்ண.

உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் சொல்றேன். மாஸ்டருக்கு நான்தான் எல்லாம். வெளியில யாருக்கும் இது தெரியாது. ஆட்டத்தன்னிக்கு மாஸ்டர் பெஞ்சுல உக்காந்திருப்பாரு, பெஞ்சுக்கு நேர் பின்னாடி நான். யாரை எறக்கணும், யாரை வெளிய எடுக்கணும், யாரு மூச்சு வாங்குறான், யாரு முந்தின நாள் கல்யாண வீட்டுல பிரியாணி தின்னுட்டு வந்திருக்கான், அத்தனையும் பின்னாடி இருந்து சொல்லிக்கிட்டே இருப்பேன். சொல்றதுன்னா கொஞ்சம் சத்தமாத்தான். மாஸ்டர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்க மாட்டாரு. அவ்வளவு கவனம் அவருக்கு. ரெண்டு காதுலயும் பஞ்சு வேற வச்சிருப்பாரு. ஆட்டத்தன்னிக்கு மட்டும். குளிர்காத்து ஆகாது போல. மே மாசத்துலகூட வச்சிருப்பாரு, பாவம்.

இந்தாங்க, முதல் பந்து. கல்லு மாதிரி இருக்கா? மாஸ்டருக்கு ஒரு பழக்கம். நான் காத்தடிச்ச பந்தை வாங்குவாரு, ரெண்டு பெருவிரலையும் வச்சு அமுக்கிப் பாப்பாரு, அப்புறம் ஊசியை விட்டுக் கொஞ்சம் காத்தை எறக்குவாரு. ஒவ்வொரு பந்தையும். சில பேருக்கு அடுத்தவன் செஞ்ச வேலையில தன் கையையும் ஒரு தடவை வச்சாத்தான் திருப்தி. ஏன் சார், நீங்களும் அமுக்குறீங்க?

சரி, விடுங்க. பரோட்டா விஷயம் கமிட்டியில சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. எங்க செகரட்டரி லியாகத் பாய் ஷீல்டைப் பத்திச் சொல்லுவாரு, ஜெர்சியைப் பத்திச் சொல்லுவாரு, பரோட்டாவைச் சொல்ல மாட்டாரு. ஆனா இந்த கிளப்பே அதுல ஓடின கிளப்பு.

மாஸ்டர் வந்த முதல் வருசமே ஆரம்பிச்சது. ஜெயிச்சா அவனவன் அவனவன் வீட்டுக்குப் போயிரணும். தோத்தா மொத்த டீமும் ஆரிபு பாய் கடைக்கு வரணும், மாஸ்டர் செலவுல பரோட்டா. நான்கூடக் கேட்டேன், "என்ன மாஸ்டர், உலகத்துல எல்லாரும் ஜெயிச்சாத்தானே வாங்கிக் குடுப்பாங்க, நீங்க தலைகீழா நிக்கிறீங்களே"ன்னு. அவரு சொன்னாரு, "ஜெயிச்சவனை ஊரே கூப்பிட்டுச் சோறு போடும் பவுனு. தோத்தவன் வீட்டுக்குப் போற வழியில தனியா நடக்கக் கூடாது." அவ்வளவுதான். 

கடையில உக்காந்தா ஆட்டத்தைப் பத்தி மூச்சு விடக் கூடாது. அன்னைக்கு யாரு சொதப்பினானோ அவன் பக்கத்துல மாஸ்டர் உக்காருவாரு. அவன் இலையில பரோட்டாவைத் தானே பிச்சுப் போட்டு, சால்னாவை ஊத்துவாரு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திம்பான். மூணாவது பரோட்டாவுல தலை நிமிந்துரும். எனக்குத் தெரிஞ்சு அப்பிடி நிமிராத பய ஒருத்தன் கிடையாது.

டிரா ஆனாவா? நல்லாக் கேட்டீங்க. டிரான்னா டீ. கிரவுண்டு வாசல்ல நின்னுக்கிட்டே ஒரு கிளாஸ் டீ, குடிச்சுட்டுக் கலைஞ்சுரணும். 

நானா? நான் டீம்ல இல்லதான். ஆனா தோத்த அன்னைக்கு நானும் போயிருவேன். போற வழியெல்லாம் திட்டிக்கிட்டே போவேன். "வயசாயிருச்சு, வீட்டுல உக்கார வேண்டியதுதானே, இவரை யாரு கோச்சா போட்டது"ன்னு. தோத்தா அப்பிடித்தானே சார் சொல்லுவோம்? அது ஒரு வகைப் பிரியம். திட்டிட்டு உள்ள போயி நாலு பரோட்டா சாப்பிடுவேன். மாஸ்டரும் "பவுனுக்கு இன்னொரு ஆம்லெட்டு போடுங்க"ன்னு சொல்லுவாரு. எங்களுக்குள்ள அப்பிடி ஒரு இது.

இப்ப கேளுங்க கொடுமையை. போன மாசி மாசம் அரை இறுதியில தோத்துட்டோம். அன்னைக்குன்னு ஒரு யூடியூப்காரன் வந்து நின்னான். மைக்கை என் வாய்க்கு நேரா நீட்டி, "நீங்க இந்த டீமோட தீவிர ரசிகராமே, என்ன நினைக்கிறீங்க"ன்னு கேக்குறான். மைக்கை நீட்டினா என்ன சார் சொல்லுவோம்? மனசுல இருக்கிறதையா சொல்லுவோம்? வழக்கமாச் சொல்றதைச் சொன்னேன். மாஸ்டருக்கு வயசாயிருச்சு, கண்ணு தெரியல, அவரு மரியாதையா வீட்டுல உக்காரட்டும், புது ஆளைப் போடுங்கன்னு. கொஞ்சம் கையை ஆட்டிச் சொல்லிட்டேன். அதை அந்தப் பய பின்னாடி மேளச் சத்தம் எல்லாம் சேத்துப் போட்டுட்டான். ஊரே பாத்துச்சு. என் வீட்டுக்காரி செல்லக்கனி பாத்துட்டு, "ஏங்க, உங்க கன்னத்துல கிரீஸ் இருந்துச்சே, தொடச்சுட்டுப் பேசக் கூடாதா"ன்னு கேட்டா. நான் அதுக்குத்தான் வருத்தப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

லியாகத் பாய் என்ன பண்ணினாரு தெரியுமா? அந்த வீடியோவைக் கமிட்டி கூட்டத்துல போட்டுக் காட்டியிருக்காரு. "பாருங்கய்யா, ரசிகர்களே இப்பிடிச் சொல்றாங்க"ன்னு. ரசிகர்கள். ஒத்தை ஆளு நான், கன்னத்துல கிரீஸோட நிக்கிறேன், அது ரசிகர்களாம். மாஸ்டர் அதைக் கடைசி வரைக்கும் பாத்தாராம். "சரி, கோடை லீக் முடிஞ்சதும் நான் கிளம்பிக்கிறேன். மக நாகர்கோவில்ல இருக்கா, ரொம்ப நாளாக் கூப்பிடுறா"ன்னுட்டாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நேரா லியாகத் பாயோட தோல் மண்டிக்கே போயிட்டேன். "பாய், ஒரு மனுசன் தோத்த வயித்தெரிச்சல்ல ஏதோ சொல்லுவான். அதைப் போயி நிஜம்னு எடுத்துக்கிறதா? இருபது வருசமா இதைத்தானே சொல்றேன், அப்பெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா"ன்னு கேட்டேன். அவரு தோலை எண்ணிக்கிட்டே, "அப்பெல்லாம் வீடியோ இல்லையே பவுனு"ங்கிறாரு. மாஸ்டரைக் கிளப்பி விட்டது யாருன்னு இப்பப் புரியுதா உங்களுக்கு? அந்த யூடியூப்காரனும் லியாகத் பாயும்தான். இந்த ரெண்டு பேரும் இல்லேன்னா இன்னைக்கும் மாஸ்டர் இங்கதான் இருப்பாரு. உங்களைக் குத்தம் சொல்லல சார், நீங்க வந்த ஆளு. உக்காருங்க, இன்னும் நாலு பந்து இருக்கு.

பிரிவு உபசாரத்துக்கு ஒரு ஆட்டம் வச்சாங்க. எங்களுக்கும் அடிவாரம் பாய்ஸுக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆட்டம், முடிஞ்சதும் பொன்னாடை, சாயங்காலம் ஆறு மணி நாகர்கோவில் பஸ்சுக்கு மாஸ்டர் டிக்கெட் எடுத்துட்டாரு. 

எனக்கு ஒரு ரோசனை. ஜெயிச்சா மாஸ்டர் கும்பிடு போட்டுட்டு பஸ் ஏறிருவாரு. தோத்தா? பரோட்டா. இத்தனை வருசத்துல ஒரு நாள் அதைத் தவறவிட்டவர் இல்ல. காய்ச்சலோட வந்து உக்காந்திருக்காரு. கடையில உக்காந்தா பஸ்சாவது ஒண்ணாவது. பஸ் போயிரும். பரோட்டாவைப் பிச்சுக்கிட்டே நான் பேச்சை எடுப்பேன். "மாஸ்டர், போகாதீங்க, கமிட்டியை நான் பாத்துக்கிறேன்"னு சொல்லுவேன். அந்த வீடியோவைப் பத்தி அவரு மனசுல ஏதாவது வச்சிருந்தாலும் அதையும் பேசித் தீத்துரலாம். எனக்கு வேண்டியது ஒரு டேபிள், ஒரு அரை மணி நேரம்.

அதனால காலையிலயே எங்க கோலி ஜெரால்டைத் தனியாக் கூப்பிட்டேன். "தம்பி, இன்னைக்கு ஒரு ரெண்டு கோலை உள்ள விட்டுரு. காரணம் கேக்காத."

அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். "அண்ணே, நேத்தே பேசியாச்சு. டிஃபன்ஸ்ல நிக்கிற பேக் ரெண்டு பேரும் ஒதுங்கிக்குவாங்க, நான் ஷூ லேசு கட்டப் போயிருவேன். மாஸ்டர்கூட கடைசியா ஒரு பரோட்டா திங்காம அனுப்புவோமா?"

பாத்தீங்களா சார். நான் மனசுல நினைச்சதை டீமே நினைச்சிருக்கு. நான் வளத்த டீமு.

ஆனா ஒண்ணை நாங்க யாருமே யோசிக்கல. அடிவாரம் பாய்ஸ் கேப்டன் முத்தழகு இருக்கான்ல, அவன் அரை டவுசர் போட்ட காலத்துல மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்ட பய. அவனுங்க என்ன முடிவு பண்ணியிருக்கானுங்கன்னா, மாஸ்டரோட கடைசி ஆட்டம், அவரை ஜெயிக்க வச்சு அனுப்பணும். அதுக்கு அவனுங்க தோக்கணும். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

விசில் அடிச்சாச்சு. எங்க பேக் ரெண்டு பேரும் கல்யாண வீட்டுல வழிவிடுற மாதிரி ஒதுங்கி நிக்கிறானுங்க. ஜெரால்டு போஸ்ட்டை விட்டு வெளிய வந்து லேசு கட்டுறான். அவங்க ஃபார்வேர்ட் பந்தோட வர்றான், முன்னாடி ஈ காக்கா இல்ல, ஊதினாக்கூட உள்ள போகும். அவன் நின்னு ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, தூக்கி அடிச்சான் பாருங்க, என் கடை தகரத்துல வந்து விழுந்துச்சு. கூட்டம் கை தட்டுது.

அப்புறம் எங்க ஆளு பந்தைக் கொண்டுபோறான். அவங்க பேக் எல்லாம் உக்காந்துட்டானுங்க. நெசமாவே உக்காந்துட்டானுங்க சார், காலு பிடிச்சிருச்சாம், நாலு பேருக்கும் ஒரே நேரத்துல. எங்க ஆளு பாத்தான், அடிச்சா கோலு ஆயிரும். திரும்பி ஜெரால்டுக்கே பந்தை அனுப்பிட்டான். அரை கிரவுண்டு தாண்டி. ஜெரால்டு குலைநடுங்கிப்போயி காலால மிதிச்சுப் பிடிச்சான், சொந்த கோல் போட்டா மாஸ்டருக்குக் குட்டு தெரிஞ்சுபோயிருமே.

முத்தழகு இது சரிப்படாதுன்னு பாத்துட்டு, தன்னோட பாக்ஸுக்குள்ள போயி வேணும்னே கையால பந்தைப் பிடிச்சான். ஏதோ பப்பாளிப்பழம் பிடிக்கிற மாதிரி. எங்களுக்குப் பெனால்டி. எங்க கேப்டனுக்கு வேற வழியில்ல, கோலி கைக்கே போற மாதிரி மெதுவா உருட்டினான். அந்தக் கோலி என்ன பண்ணினான்? நகந்து வழி விட்டான். பந்து உருண்டு உருண்டு போயி, ஒரு கல்லுல பட்டு ஒதுங்கி, கம்பத்துல முட்டி, வந்த வழியே திரும்பி வந்துச்சு. இதுல லியாகத் பாய் பக்கத்துல இருக்கிற சீஃப் கெஸ்டுகிட்ட, "ரெண்டு டீமும் டிஃபன்ஸ்ல ரொம்ப ஸ்ட்ராங்கு சார்"ங்கிறாரு.

அப்பத்தான் அது நடந்துச்சு. மாஸ்டர் காதுல இருந்த பஞ்சை எடுத்தாரு. எடுத்துட்டு மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தாரு. இருபது வருசத்துல முதல் தடவை. ஆட்டத்துக்கு நடுவுல.

"பவுனு, இதுல உன் வேலை எவ்வளவு?"

"கால்வாசிதான் மாஸ்டர்."

"மீதி?"

"டீமே பாத்துக்குச்சு."

அவரு கிரவுண்டைப் பாத்தாரு. அங்க ரெண்டு பயலுக பந்தை "நீ எடு, நீ எடு"ன்னு விட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கிறானுங்க. மாஸ்டர் தோளு குலுங்குது. அழுகுறாருன்னு நான் எந்திரிச்சுட்டேன். பாத்தா சிரிக்கிறாரு. "நான் சொல்லிக் குடுத்ததை மறக்குறதுக்கு என்னமாப் பாடுபடுறானுங்க பாரு"ன்னாரு. அப்புறம் பஞ்சை மறுபடி வைக்கவே இல்ல. நான் அதுக்கப்புறம் கத்தவும் இல்ல, எதைன்னு கத்துறது, யாரை நல்லா ஆடச் சொல்றது?

சைபருக்குச் சைபர். டிரா. ரெஃப்ரி நீளமா விசில் அடிச்சுட்டுக் கூலிங் கிளாசைக் கழட்டிக் கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு, அந்த ஆளுக்கு என்ன பாத்தோம்னே தெரியல. இருபத்திரண்டு பேரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறானுங்க. ஏன்னா டிரான்னா டீ.

பொன்னாடை போட்டாங்க, ஷீல்டு குடுத்தாங்க, லியாகத் பாய் பேசினாரு. எல்லாம் முடிஞ்சு மாஸ்டர் வாசல்ல இருக்கிற டீக்கடைக்கு நடந்தாரு. எங்க டீமும் போச்சு, அடிவாரம் பாய்ஸும் பின்னாடியே வந்துட்டானுங்க. ஆளுக்கொரு கிளாஸ். ஒருத்தனும் குடிக்கல சார். ஆறிப்போன டீயை ஊதி ஊதி நிக்கிறானுங்க. குடிச்சு முடிச்சாக் கலைஞ்சுரணும்ல.

அப்ப மாஸ்டர் தன்னோட கிளாசை எடுத்துக்கிட்டுச் சுத்திப் பாத்தாரு. எத்தனை பேரு நிக்கிறாங்க, ரெண்டு டீமு, கமிட்டி, சீஃப் கெஸ்டு. அத்தனை பேரையும் விட்டுட்டு நேரா வந்து என் பக்கத்துல நின்னாரு. என் கிளாஸ்ல டீ கம்மியா இருக்குன்னு தன் கிளாஸ்ல இருந்து கொஞ்சம் ஊத்தினாரு. மத்தவனெல்லாம் என்னையே பாக்குறானுங்க. ஏன் என் பக்கத்துல வந்து நின்னாருன்னு நான் இன்னைக்கு வரைக்கும் நினைச்சுப் பாக்குறேன். மரியாதைதான். வேற என்ன இருக்கப்போகுது.

சொல்லணும்னு வச்சிருந்ததைச் சொல்ல அதுதான் நேரம். போகாதீங்க மாஸ்டர்னு சொல்லணும். வாயைத் தொறந்தேன், என்ன வந்துச்சு தெரியுமா? "மாஸ்டர், அந்த லெஃப்ட் பேக்கு அரை இறுதியிலயே சரியில்ல, அவனை மாத்தியிருக்கணும்." சனியன் பிடிச்ச வாயி. மாஸ்டர் "ம்"முன்னாரு.

அப்புறம் நான்தான் என் டி.வி.எஸ்ல அவரை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பெட்டியை முன்னாடி வச்சுக்கிட்டேன், அவரு பின்னாடி. வழியெல்லாம் பேசுறேன். லெஃப்ட் பேக்கைப் பத்தியே பேசுறேன். எனக்கே தெரியுது, இதை நிறுத்துடான்னு. நிக்கவே மாட்டேங்குது. அவரு என் தோள்ல ஒரு கையை வச்சிருந்தாரு. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறுறப்ப மட்டும் கொஞ்சம் அழுத்தும்.

பஸ் கிளம்பத் தயாரா நிக்குது. பெட்டியை உள்ள வச்சுட்டு எறங்குறேன், அவரு படியில ஒரு காலை வச்சுட்டு நின்னாரு.

"பவுனு, அந்த வீடியோவை மறுபடி பாத்தேன். மக போன்ல அனுப்பியிருந்தா."

நான் கன்னத்தைத் தடவிக்கிட்டேன். "கன்னத்துல கிரீஸ் இருந்துச்சு மாஸ்டர்"னேன்.

"நீ சொன்னது சரிதான். எனக்கு வயசாயிருச்சு."

அவ்வளவுதான். கன்னத்தை லேசாத் தட்டிட்டு ஏறிட்டாரு. ஜன்னல் சீட்டு. கோவமா இருந்தாரான்னு பாத்தேன், இல்ல. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. அதுதான் சார் தாங்கல.

யோசிச்சுப் பாருங்க. இருபது வருசத்துக்கு மேல அவரு முதுகுக்குப் பின்னாடி உக்காந்து கத்தியிருக்கேன். எத்தனை சொல்லியிருப்பேன். அதுல ஒண்ணையாவது, "பவுனு சொன்னது சரிதான்"னு அவரு வாயால சொல்ல மாட்டாரான்னு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போவேன். செல்லக்கனிகிட்டகூடச் சொன்னதில்ல இதை. கடைசியில சொன்னாரு. எதைப் போயி சரின்னு சொன்னாரு பாத்தீங்களா? நான் சொன்னதுலயே அது ஒண்ணுதான் சார் தப்பு.

அதுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறீங்க? ஒண்ணும் சொல்லல. பஸ் நகந்து, பாலம் திரும்பிப் போற வரைக்கும் வாயே தொறக்கல. வீட்டுக்குப் போயி இதைச் சொன்னா செல்லக்கனி நம்ப மாட்டேங்குறா. "நீங்களா, பேசாம நின்னீங்களா"ங்கிறா. 

இந்தாங்க, கடைசிப் பந்து. காசெல்லாம் வேண்டாம், பையை எடுங்க. முதல் நாளு, பசங்க காத்துக்கிட்டு நிக்கிறானுங்க பாருங்க. சுவரு விழுந்த பக்கமாவே போயிருங்க, சுத்த வேண்டாம். நான் கடையைப் பூட்டிட்டுப் பின்னாடியே வர்றேன்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன் சார். நான் பின்னாடி இருந்து ஏதாவது கத்தினேன்னு வைங்க, சரின்னோ தப்புன்னோ அங்கேயே திரும்பிச் சொல்லிருங்க. சேத்து வச்சிருந்து பஸ் ஏறுறப்பச் சொல்லாதீங்க.